எம்.யு.சி. எழுதிய காதல் கடிதங்கள்

1952-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினிக்குக் காதல் வந்தது. வரவழைத்தவர் நிரலாளர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. ரோஜேயின் சொற்களஞ்சியத்தில் பொறுக்கிய கொஞ்சல் சொற்களை அவரது நிரல் குலுக்கிப் போட, ஃபெரான்டி மார்க் 1 என்ற அந்தக் கணினி கடிதம் கடிதமாக அடித்துத் தள்ளியது. வாக்கிய அச்சு இரண்டே இரண்டு. சில திரைப்பாடல்களுக்கு அதுவே அதிகம். எந்தச் சொல் எங்கே விழும் என்பதை, ஆலன் டூரிங் யோசனைப்படி இயந்திரத்தில் சேர்த்திருந்த தற்செயல் எண் வசதி தீர்மானித்தது. காதலில் தற்செயலின் பங்கை ஜாதகக் கட்டங்கள்கூட இத்தனை நேர்மையாக ஒப்புக்கொண்டதில்லை.

கடிதத்தின் அடியில் கையெழுத்து உண்டு: எம்.யு.சி., அதாவது மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி. தலைப்பில் கண்ணே, செல்லமே என்ற விளிதான். யாருக்கு என்று பெயரில்லை. அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதியை, தமிழ் தெரியாத இரும்புப் பெட்டி, தன் கையெழுத்து நீங்கலாக, பிசகாமல் காத்தது. விலாசமில்லாததால் பதிலும் வரவில்லை. நம் கவிஞர்கள் பலருக்கு விலாசம் தெரிந்தும் அதே கதிதான்.

இன்று காதலன் செயலியிடம் கவிதை வாங்கி அனுப்புகிறான். அதே செயலியிடம் பதில் வாங்கிக் காதலி அனுப்புகிறாள். இருவரும் தம் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். எம்.யு.சி.யாவது, எழுதியது யாரென்று உண்மையைச் சொன்னது.