வண்டி யாருக்கு, வே?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி டியூ சங்கதிதான். கோயில் கொடை, மாமியார் வழக்கு எல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: மூணு மாசமா காருக்கு டியூ கெட்டல. ராத்திரி நாய் குரைச்சாலே சீசிங்காரன்தான்னு வெப்ராளமா இருக்கு. வந்தா சாவியக் குடுத்திரணுமா அண்ணாச்சி?
*(டாக்ஸி ஓட்டுநர், மீனாட்சிபுரம்)*

பதில்: நாய் பெரும்பாலும் பூனையைப் பார்த்துத்தான் குரைக்கும். உறங்குங்கள்.

வண்டிமேல் ஃபைனான்ஸ்காரருக்கு உரிமை உண்டு. ஆர்.சி. புக்கில் உங்கள் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. அதற்காக நடுரோட்டில் மறித்துப் பிடுங்க முடியாது. அடியாள் வைத்து வண்டி எடுக்கக் கூடாது, சட்டப்படிதான் எடுக்க வேண்டும் என்று 2007 பிப்ரவரியில், ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி - பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், தேவகோட்டைக்காரர். கொடுக்கல் வாங்கலைக் கடல் கடந்து கொண்டுபோன சீமையில் பிறந்தவர் இதைச் சொன்னதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். 2011-ல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கிலும் அதே பாட்டுத்தான்.

ஆள் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள். கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் கேளுங்கள். உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் சாவி உங்கள் மடியிலேயே இருக்கட்டும். கையை ஓங்கினால் 112. நீங்கள் கையை ஓங்க வேண்டாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. "நானே முன்வந்து வண்டியை ஒப்படைக்கிறேன்" என்று அச்சடித்த காகிதம் ஒன்று நீட்டுவார்கள். மிரட்டி எடுத்த வண்டியும் அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அன்பளிப்பு ஆகிவிடும். நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் தலையைச் சொறிவார். உண்மையிலேயே ஒப்படைப்பதாக இருந்தால், தேதி, கிலோமீட்டர், ஸ்டெப்னி டயர், மியூசிக் சிஸ்டம், டேஷ்போர்டுப் பிள்ளையார்வரை எழுதி, அவர்கள் கையெழுத்து வாங்கிவிட்டு ஒப்படையுங்கள்.

கேள்வி: அப்போ கேஸ் போட்டா வண்டி நமக்குத்தான்!
*(வடசேரி வாசகர்)*

பதில்: சாயா ஆறட்டும், கொஞ்சம் நில்லும். 2020 அக்டோபரில் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை தீரும்வரை ஃபைனான்ஸ் கம்பெனிதான் வண்டிக்கு உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. அவர்கள் வண்டியை எடுத்ததே குற்றம் ஆகிவிடாது. நோட்டீஸ் கொடுத்தார்களா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் உங்கள் பிடி. அந்த ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா? பலபேர் வீட்டில் இருக்காது. முதலில் அதை எழுதிக் கேட்டு வாங்கும்.

கேள்வி: வண்டியக் களியக்காவிளை தாண்டி, பாறசாலையில மச்சினன் வீட்டு ரப்பர் தோட்டத்துக்குள்ள விட்டா?
*(பெயர் வேண்டாம் என்கிறார், மார்த்தாண்டம்)*

பதில்: 1956 நவம்பர் 1-ம் தேதி, குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, எல்லையைத் தாண்டியது நாம்தான். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ரெண்டு பக்கமும் கிளை இருக்கிறது. எந்தெந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமலே எடுக்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவைக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. ஒளித்து வைத்தால் அந்தச் சூழ்நிலையை நீரே அவர்கள் கையில் கொடுக்கிறீர். வண்டியும் ஓடாது, பைசாவும் வராது, மச்சினன் வேறு பெட்ரோல் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பான்.

கேள்வி: ஜூன், ஜூலை தடைக்காலம். மீன் ஏத்துற வண்டிக்கு அந்த ரெண்டு மாசமும் டியூ கெட்ட எங்க போவ?
*(குளச்சல்)*

பதில்: நியாயமான கேள்வி, அண்ணாச்சி. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. மேலாளர் கம்ப்யூட்டருக்குக் கடலும் தெரியாது, காற்றும் தெரியாது. ஆனால் இந்தத் தடை காலண்டரில் அச்சடித்து வருவது. மே மாதமே கிளைக்குப் போய், தவணையைத் தள்ளிவைக்கவோ மாற்றியமைக்கவோ எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். அவர்கள் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்றில்லை. ஆனாலும் முதல் டியூ தவறுவதற்கு முன்னால் வருகிறவரிடம் பேசுகிற குரல் வேறு, மூன்றாவதுக்குப் பின்னால் வருகிறவரிடம் பேசுகிற குரல் வேறு. 90 நாள் தாண்டினால் உங்கள் கணக்கு அவர்கள் புத்தகத்தில் வாராக்கடன். அதன்பிறகு உங்களிடம் பேசுவது மேலாளராக இருக்காது.

கேள்வி: காலையில ஆறு மணிக்கே போன். எடுத்தா வாயில வரக்கூடாத வார்த்தை.
*(தக்கலை வாசகி)*

பதில்: காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அடுத்த மாதமே ஜார்கண்டின் ஹசாரிபாக்கில் டிராக்டர் எடுக்கப் போன இடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் அந்த டிராக்டரில் அடிபட்டு இறந்தார். அதன்பின், அந்த டிராக்டருக்குக் கடன் கொடுத்திருந்த மகிந்திரா ஃபைனான்ஸ் வெளியாட்களை வைத்து வசூல் செய்வதற்கும் வண்டி எடுப்பதற்கும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. 2023 ஜனவரியில்தான் விலக்கியது. ஆகவே அழைப்பைப் பதிவு செய்யுங்கள், அம்மா. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சப்பைக்கட்டு என்றால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். 14448-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கேள்வி: சவத்த, நானே கொண்டு விட்டுட்டா கடன் தீந்துதுல்லா?
*(ஆரல்வாய்மொழி)*

பதில்: இல்லை ஓய். இங்கேதான் ஊர் முழுக்க ஏமாறுகிறது. ஒரு கணக்குக்கு, நான்கு லட்சம் பாக்கி என்று வையும். யார்டில் மழையும் வெயிலும் தின்ற வண்டி ஏலத்தில் 2,60,000-க்குப் போகிறது. எடுத்த கூலி, யார்டு வாடகை என்று 15,000 கழிகிறது. மீதி 1,55,000 உம் தலையில்தான், வண்டியும் இல்லை. அதற்குப் பதிலாக, முடிக்க எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி, அவர்களுக்குச் சொல்லிவிட்டு, நீரே ஆள் பார்த்து விற்றால் பெரும்பாலும் ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கும். வாங்குகிறவர் பணம் நேராகக் கடன் கணக்கில் விழட்டும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா? விற்பதற்கு முன்னால் கட்டி மீட்க உமக்குக் கடைசி வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எந்த யார்டு, ஏலம் எப்போது என்று கேட்டு உடனே எழுதும்.

கேள்வி: அத்தானுக்கு ஜாமீன் போட்டேன். அவரு போன எடுக்கல. எனக்கு நோட்டீஸ் வருது.
*(சுசீந்திரம்)*

பதில்: 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவுப்படி அத்தானும் நீங்களும் சமம். முதலில் அவரைப் பிடி என்று சொல்ல வழியில்லை. ஒரே ஆறுதல் 140-ம் பிரிவு. நீங்கள் முழுக்கக் கட்டிவிட்டால், கம்பெனிக்கு அத்தான்மேல் இருந்த உரிமை எல்லாம் உங்களுக்கு வந்துவிடும். அடுத்த கல்யாண வீட்டில் அவர் எந்தப் பந்தியில் இருக்கிறார் என்று பார்த்து வையுங்கள்.

கேள்வி: சென்னையில இருந்து 'ஆர்பிட்ரேட்டர்'னு ரெஜிஸ்டர் தபால். வாங்காம திருப்பி அனுப்பிட்டா?
*(தோவாளை)*

பதில்: திருப்பி அனுப்பினாலும் வந்து சேர்ந்ததாகத்தான் கணக்கு. வாங்கிப் படியுங்கள். அந்த நடுவரைக் கம்பெனி தானே தனியாக நியமித்ததா என்று பாருங்கள். 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில், வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று தீர்ப்பாகியிருக்கிறது. இதை எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். வக்கீலுக்கு வகை இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் தொகை குறைய வாய்ப்புண்டு. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது.

கேள்வி: டியூ கெட்ட மீட்டர் வட்டிக்கு வாங்கலாமா, வீட்டுக்காரி வளையல வைக்கலாமா?
*(கோட்டாறு)*

பதில்: 'மீட்டர் வட்டி' என்ற சொல் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. தமிழுக்குக் கிடைத்த பெருமை! அந்தப் பக்கம் போகாதேயும். வளையலைப் பற்றி வளையல் போட்டிருப்பவரிடம் கேட்டீரா? ஓடிச் சம்பாதிக்கிற வண்டிக்கு, ஒன்றிரண்டு டியூதான் என்றால், வைக்கலாம். மாசம் ஒருதடவை சாமிதோப்புக்குப் போய்வரும் காருக்கு வேண்டாம்.

கேள்வி: கடைசி டியூவும் கெட்டியாச்சு! இனி ஒண்ணும் இல்லையே?
*(குலசேகரம்)*

பதில்: கொள்ளாம்! ஆனால் இருக்கிறது. கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் அவர்கள் கையெழுத்துப் போட்ட 35-ம் எண் படிவமும் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் அவர்கள் பெயரை நீக்குங்கள். உங்கள் வண்டி டி.என். 75 என்றால் மார்த்தாண்டம், 74 என்றால் நாகர்கோவில். வாங்கி வைத்திருக்கும் செக் லீஃப்களையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.