மாணவி பாடின பாட்டு

ஏலே பேராண்டி, காதுல சொருகியிருக்கதை எடுத்துட்டு இங்கன வந்து உக்காரு. "இத்தாலிக்காரிக்கு எதுக்கு தாத்தா இங்கிலீஷ் பாட்டு?"ன்னு கேட்டியே, நல்லாத்தான் கேட்ட. கப்பல்ல பண்டாரியா வெங்காயம் உரிச்சிக்கிட்டு ஜெனோவா துறைமுகம் வரைக்கும் போனவன் நான். சொல்லுதேன் கேளு.

நீ கேட்ட அந்தப் பாட்டுக்காரி பேரு மீனான்னதும் நம்ம மேலத்தெருப் பொண்ணுன்னு நெனச்சிராத. இவ இத்தாலியில கிரெமோனாவுல வளந்தவ. 1958-ல பாட வந்தப்பவே இங்கிலீஷ் பாட்டுக்குன்னு தனியா ஒரு பேரு வச்சுக்கிட்டா. என்ன பேரு தெரியுமா? பேபி கேட். ஆளு ஆறடிக்கு ரெண்டங்குலம்தான் குறைச்சல், பேரு பாப்பா! குசும்பைப் பாத்தியா?

அதுக்கப்புறம் இத்தாலியே தலையில தூக்கி வச்சு ஆடிச்சு. 1978-ல கடைசிக் கச்சேரி. அதோட மேடைய விட்டு எறங்கினவுக, சுவிஸ் நாட்டு லுகானோவுல இருந்துக்கிட்டு தட்டு மட்டும் போட்டுக்கிட்டே இருக்காவ. 2005-ல, அறுபத்தஞ்சு வயசுல, ஃபிராங்க் சினாட்ரா பாட்டுகளா எடுத்து ஒரு தட்டு போட்டாவ. பேரு 'லல்லியேவா'. அப்படின்னா மாணவி.

சரி, வாத்தியார் யாரு? சினாட்ரா அமெரிக்காக்காரர்னுதானே சொல்லுவ? அப்பன் சிசிலி, ஆத்தா ஜெனோவாப் பக்கம். பஞ்சம் பொழைக்க நியூஜெர்சி போன குடும்பம். நெல்லு இவுக வயல்ல வெளஞ்சது. அரைச்சது மட்டும் அமெரிக்க மில்லு. மாவு திரும்பி வந்தா வாசல்ல நிப்பாட்டி பாஷை கேப்பியாலே?

எல்விஸ் பாடின 'இட்ஸ் நவ் ஆர் நெவர்' கேட்டிருப்ப. அது 1898-ல வந்த நேப்பிள்ஸ் பாட்டு 'ஓ சோலே மீயோ' மெட்டு. அதை யாரு களவுன்னு சொன்னா? இன்னொண்ணு கேளு. டேவிட் போவி விண்வெளிக்குப் போனவனைப் பத்தி ஒரு பாட்டு போட்டாரு. இத்தாலியில மோகோல்னு ஒரு பாட்டாசிரியர் அதுக்கு வேற வரி எழுதினாரு. ராக்கெட்டும் இல்ல, விண்வெளியும் இல்ல. தனியா ஒரு பையன், தனியா ஒரு பொண்ணு, அவ்வளவுதான். அந்த வரிய போவியே இத்தாலிய பாஷையில பாடினாரு! ராக்கெட்டுக்கு டிக்கெட் எடுத்தவனை தரையில எறக்கி காதலுக்கு ஏங்க விட்டாங்க.

ஆனா எல்லாருக்கும் அப்பன் செலந்தானோங்குற இத்தாலிப் பாட்டுக்காரர்தான். சின்ன வயசுல கடிகாரம் ரிப்பேர் பாத்த ஆளு. 1972-ல ஒரு பாட்டு பாடினாரு பாரு, 'பிரிசென்கோலினென்சினைன்சியூசோல்'. எங்க, திரும்பச் சொல்லு பாப்போம்? நாக்கு சுளுக்கும். கேட்டா அசல் அமெரிக்க இங்கிலீஷ் மாதிரியே இருக்கும். அகராதிய வச்சுத் தேடினா, அங்கங்க வர்ற 'ஆல்ரைட்டு' தவிர ஒண்ணும் தேறாது. ஊரு சனம் இங்கிலீஷ்னு நெனச்சா எதுக்கும் தலையாட்டும்னு காட்டின வேலை. நம்ம பஞ்சாயத்துல பேசுதவன்கூட இவ்வளவு சுத்தமா அர்த்தமில்லாம பேச மாட்டான். பின்னால 1998-ல மீனாவும் அவரும் சேந்து ஒரு தட்டே போட்டாவ.

இப்ப உன் விசயத்துக்கு வாரேன். கீபோர்டு படிச்சு மூணு மாசம். வாசல்ல 'இசைச் சக்கரவர்த்தி'ன்னு தாளு ஒட்டியிருக்க. அந்தம்மா நாப்பது வருசத்துக்கு மேல பாடிட்டு மாணவின்னு அட்டையில போட்டுக்கிட்டாவ. நான் ஒண்ணும் சொல்லல.

கிழிக்கிறதா இருந்தா தண்ணி நனைச்சு மெதுவா கிழி. போன தீபாவளிக்குத்தான் சுண்ணாம்பு அடிச்சேன்.