ஒத்தாசை அண்ணாச்சி

கோவில்பட்டியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற ஆம்பளைக்கு முதல் மூன்று மாதம் எப்படியோ பொழுது போய்விடும். விடிந்ததும் டீக்கடை, அங்கே ஓசிப் பேப்பர் இரண்டு, செண்பகவல்லி அம்மன் கோவிலில் ஒரு சுற்று, பஸ் ஸ்டாண்டில் நின்று யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று ஒரு விசாரணை. மத்தியானம் கட்டையைச் சாய்த்தால் சாயங்காலம். நாலாவது மாதம் டீக்கடையில் பேச விஷயம் தீர்ந்துபோகும். அப்போதுதான் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்பார். அங்கே ஒரு மனுஷி காலையிலிருந்து குனிந்ததும் நிமிர்ந்ததுமாக இருப்பது கண்ணில் படும். “ஒத்தையில கெடந்து அல்லாடுதா, பாவம். நாமளும் கூடமாட ஒத்தாசை பண்ணுவோம்” என்று மனசு இளகும். அந்த மனுஷியின், அதாவது நம் மதினியின், நிம்மதி அன்றோடு போச்சு.

இப்படிப்பட்டவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் ஒத்தாசை அண்ணாச்சி. தெருவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. பெரிய தெரு என்றால் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் ஆகாது.

இதில் ரகங்கள் உண்டு. வாத்தியாராக இருந்தவர் வேலை எதுவும் செய்ய மாட்டார், மதினி செய்கிற வேலைக்கு மார்க் போடுவார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் மளிகைச் சிட்டையை மூன்று தடவை கூட்டுவார். மூன்று தடவையும் மூன்று தொகை வரும். அதில் எது குறைவோ அதைக் கடைக்காரரிடம் போய்ச் சொல்வார். ஆனால் மில்லில் வேலை பார்த்தவர்தான் அசல் சரக்கு. லாயல் மில் சங்குக்கும் லட்சுமி மில் சங்குக்கும் எழுந்து குளித்துச் சாப்பிட்டுப் பழகிய ஊர் இது. காலம் பூராவும் மூன்று ஷிப்டு பார்த்த மனுஷருக்கு, வீட்டு வேலைக்கு ஷிப்டு முடிகிற நேரமே கிடையாது என்பது முதலில் புரியாது. புரிந்த பிறகு பிடிக்காது.

“ஏளா, காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா மத்தியானம் ஒரு மணிக்கு முடிஞ்சிருக்கணும்லா? நீ எங்கயோ நேரத்த விடுத.”

மதினி பதில் சொல்ல மாட்டார். ராத்திரி மாவாட்டுவதற்கு உளுந்தை ஊறப் போட்டுக்கொண்டிருப்பார்.

அண்ணாச்சியின் ஒத்தாசை எப்போதும் வெங்காயத்தில்தான் தொடங்கும். அடுப்படியில் வெங்காயம் ஒன்றுதான் ஆம்பளைக்கு அடையாளம் தெரிகிற சாமான். “இன்னைக்குச் சாம்பாருக்கு வெங்காயம் நான் உரிக்கேன்” என்று தார்சாவில் வந்து உட்காருவார். உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பார். கீழே விரிக்கப் பழைய பேப்பர். பேப்பர் வந்ததும் அதில் ஒரு செய்தியை வாசித்து முடிக்கிறவரைக்கும் வெங்காயம் காத்திருக்கும். அப்புறம் கத்தி. அந்தக் கத்தி மொக்கை, வேறு கத்தி. தொலி போட ஒரு தட்டு, உரித்ததைப் போட ஒரு ஏனம். கண்ணாடி எங்கே? கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. காத்தாடியை நிறுத்து, தொலி பறக்குது. காத்தாடியைப் போடு, வேர்க்குது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மதினி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து போக வேண்டும்.

மதினி கல்யாணமான புதிதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். இந்த வட்டாரத்தில் பாதிக் குடும்பம் அந்த வேலையில்தான் தலைநிமிர்ந்தது. விடிவதற்கு முன்னால் ஊர் ஊராக வண்டி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் சோறு பொங்கி இறக்கியிருக்க வேண்டும். குச்சியை எண்ணாமலே ஒரு பிடி அள்ளிப் பெட்டியில் அடைத்தால் கணக்காக இருக்கும், அப்படிப்பட்ட கை. அந்தக் கை அடுப்படியில், அண்ணாச்சிக்குத் தெரியாமல், சாம்பாருக்கு வேண்டிய வெங்காயத்தை எப்போதோ உரித்துப் போட்டுவிட்டது. அண்ணாச்சி உரித்து முடித்த பன்னிரண்டு வெங்காயம் மறுநாள் துவையலுக்கு ஆகும் என்று எடுத்து வைக்கப்படும்.

சாப்பிடும்போது அண்ணாச்சி சாம்பாரில் ஒரு வெங்காயத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “வெங்காயம் நல்லா இருக்குல்லா?”

“ம்.”

அந்த “ம்” போதாது. ராத்திரி சென்னையிலிருந்து மகள் போன் பண்ணுவாள். “இன்னைக்குச் சாம்பார் அப்பா வச்சதுளா” என்பார் அண்ணாச்சி. பின்னால் மதினி ஏனம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

இவரைத் தனி ஆளாகக் குறை சொல்ல முடியாது. 2019-ல் மத்திய அரசு நாடு பூராவும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது, ஆணும் பெண்ணும் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று. வீட்டு வேலை செய்த பெண்கள் அதில் நாளைக்கு 299 நிமிஷம் போட்டிருந்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிஷம். அதுவும், ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அன்றைக்கு வீட்டு வேலையைத் தொட்டவர்கள். இந்தக் கணக்கை டீக்கடையில் நான்தான் எங்கள் தெரு அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வெட்கப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது. “தொண்ணூத்தேழா? நான் வெங்காயத்துக்கே ஒண்ணரை மணி நேரம் எடுக்கேனே!”

அடுத்தது கூட்டிப் பெருக்குவது. கயத்தாற்றுப் பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைச் சுற்றிவிடுகிற அதே ஆடிக்காற்றுதான் எங்கள் வீடுகளுக்குள்ளும் வருகிறது. அங்கே அது கரண்டு, இங்கே அது புழுதி. மதினி ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுவார். அண்ணாச்சி வாரியலை எடுத்தால் வாசலிலிருந்து உள்ளே பார்த்துத் தொடங்குவார், அதுவும் காற்று வரும்போது. புழுதி எழும்பி, அவரைச் சுற்றி, அவருக்கு முன்னால் அடுப்படிக்குப் போய்விடும்.

ஐப்பசி மழைக்கு வேறு கூத்து. கரிசல் மண்ணின் குணம் தெரிந்ததுதானே. காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பிக்கொண்டு பிசினாகிவிடும். அண்ணாச்சிக்கு ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி, உளுந்தோ மக்காச்சோளமோ போட்டிருப்பார். மழைக்கு மறுநாள் முளைப்பு பார்த்துவிட்டு வந்தாரென்றால் செருப்பில் ஒரு வரப்பையே கூட்டிக்கொண்டு வருவார். தார்சாவில் நாலு கட்டி, நடையில் இரண்டு கட்டி. “நீ இரி, நானே துடைக்கேன்” என்று ஈரத்துணியை எடுப்பார். துடைத்து முடித்த பிறகு, ஆறு இடத்தில் கட்டியாக இருந்த கரிசல், தரை முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கும். ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்துக்கொள்வார். “பாத்தியா, எங்கயாவது கட்டி இருக்கா?”

இல்லைதான்.

இவ்வளவு சொன்ன பிறகு அவருடைய மகத்துவத்தையும் சொல்லியாக வேண்டும். அது தண்ணீர். கோவில்பட்டிக்கு ஆறு கிடையாது. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் மேடேறி வர வேண்டும். இரண்டாவது பைப்லைன் வருவதற்கு முன்னால், பத்து நாள் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் பார்த்த காலத்தை ஊரில் யாரும் மறக்கவில்லை. இப்போதும் நல்ல தண்ணி தினசரி வந்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. ஆகவே தண்ணீர் விடுகிற நாளை முன்கூட்டிச் சொல்கிறவருக்கு, ஜோசியரைவிட மரியாதை அதிகம்.

அண்ணாச்சி சொல்வார். எந்தத் தெருவுக்கு நேற்று விட்டார்கள், வால்வு திறக்கிறவர் சைக்கிள் எந்தப் பக்கம் போனது, குழாயில் காற்று சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டது என்று எல்லாம் அவருக்கு அத்துபடி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயில் காதை வைத்துக் கேட்பார். பழைய மில் ஷிப்டுக்காரருக்கு இது பெரிய காரியமில்லை. உஸ் என்று சத்தம் வந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவார். “மதினி, தண்ணி! தம்பி, எந்திரி, தண்ணி!” தூக்கம் கலைந்து எழுந்து வருகிறவர்கள் யாரும் அவரை வைய மாட்டார்கள். குடம், சருவம், டிரம், சின்டெக்ஸ் எல்லாம் நிறைந்து தெரு அடங்கும்போது, “அண்ணாச்சி மட்டும் இல்லைன்னா இன்னைக்கு வெறுங்குடம்தான்” என்று யாராவது ஒரு அக்கா சொல்வார். அண்ணாச்சி காது கேட்காதது போல மோட்டார் ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டேதான் சுற்றுகிறார் என்பது ஒயர் சுற்றப்படுகிற வேகத்திலேயே தெரியும்.

அந்த நேரத்தில் கேட்காமலே மதினி ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார். வெங்காயத்துக்குக் கிடைக்காதது, தண்ணீருக்குக் கிடைத்துவிடும்.

பிடித்து வைத்த தண்ணீரில் நாளைக் கடத்துவது மதினியின் கையில். அரிசி களைந்த கழனி பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகும். துணி அலசின தண்ணி வாசல் தெளிக்க. காய் கழுவின தண்ணி முருங்கைக்கு. அண்ணாச்சி காப்பி குடித்த டம்ளரை ஒத்தாசைக்காகத் தானே கழுவி வைப்பார். அதற்கு அரை வாளி ஆகும். பிறகு டிரம்மைத் திறந்து பார்த்து, “என்னளா, முந்தாநாள்தான பிடிச்சேன், எங்க போச்சு?” என்று கேட்பார்.

2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. கூலியில்லாமல் வீட்டில் உழைக்கிற பெண்களுக்கு ஓர் அங்கீகாரம் என்று சொல்லி மாதம் ஆயிரம் ரூபாய். பத்து ஏக்கர் புன்செய்க்கு மேல் இருந்தால் கிடையாது என்றார்கள். அண்ணாச்சிக்கு இரண்டு ஏக்கர்தான், ஆகவே மதினிக்குக் கிடைத்தது. முதல் பணம் வந்த அன்றைக்கு அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“வீட்டு வேலைக்குத்தான குடுக்காங்க. என் பங்கு?”

“வெங்காயத்துக்கா?” என்றார் மதினி. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்துக் கையில் வைத்தார். அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு நேராக டீக்கடைக்கு வந்து, எங்களிடம் காட்டிவிட்டுத்தான் டீ சொன்னார். வேலைக்குக் கிடைத்த கூலியைச் சபையில் காட்டாமல் எப்படி?

ஒரு தடவை மதினி காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணாச்சிக்கு உப்பு இருக்கிற இடம் அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாள் ரசம் வைத்தார். அது ரசம் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கஞ்சி. அது சரியாக வந்தது, தொட்டுக்கொள்ளச் சீனியவரைக்காய் வத்தல் வறுத்தார், அதில் பாதி கருகியது. கருகாததை மதினிக்கு வைத்துவிட்டு, கருகியதைத் தான் தின்றார். மூன்றாம் நாள் மதினி எழுந்து அடுப்படிக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்தார். வீட்டிலிருந்த அத்தனை ஏனமும் அங்கணத்தில் கிடந்தது. அண்ணாச்சி முதல் தடவையாக ஒன்றுமே சொல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வரும்போது கையில் கால் கிலோ கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த எங்கள் ஊர் மிட்டாய்தான். அதை உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். உப்பு டப்பா இருக்கிற இடம் இனி எனக்கும் தெரியும் என்பதற்கு அத்தாட்சி.

“இதுக்கு எம்புட்டு?” என்றார் மதினி.

“இருக்கட்டும்ளா.”

சாயங்காலம் மதினி எடுத்துப் பார்த்தபோது பொட்டலத்தில் பாதிதான் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு ஒத்தாசை அண்ணாச்சி இருப்பார். “இன்னைக்கு வெங்காயம் நான்தான் உரிச்சேன்” என்று அவர் டீக்கடையில் சொன்னால், “அப்படியா அண்ணாச்சி!” என்று கொஞ்சம் ஆச்சரியமாகவே கேட்டு வையுங்கள். தண்ணீர் வரும் நாளைக்கு அவர் வேண்டும். உரித்த தொலியை யார் அள்ளிப் போட்டது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.