பேருக்கு வாங்காதே, பேராண்டி

பேராண்டி, லேப்டாப் வாங்கப் போறியாமே, சந்தோஷம். எதை வாங்கப் போறேன்னு கேட்டா ஒரு கம்பெனிப் பேரைச் சொல்ற. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா, "அது நல்ல கம்பெனி தாத்தா"ங்கிற. என்னமோ கம்பெனிக்காரன் உனக்குச் சின்ன மாமன் மாதிரி!

காசுக் கணக்கை முதல்ல பார்ப்போம். 2024-ல தேயிலைத் தோட்டத்து நாள் சம்பளத்தை 1,350 ரூபா ஆக்குனாங்க. நீ கேக்குற சாமான் 135,000 ரூபா. அந்தக் கணக்குக்கு உங்கம்மாவுக்கு செக்ரோல்ல நூறு நாள் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழணும். கொழுந்து குறைஞ்சு அரைப் பேர் விழுந்துச்சுன்னா அது வேற கதை. சேமலாப நிதிக்குப் பிடிக்கிறதை நான் சேர்க்கவே இல்ல, நீ மயங்கி விழுந்திடக் கூடாதேன்னுதான்.

நான் தேயிலை ஸ்டோர்ல சல்லடை மெஷினுக்குப் பக்கத்துலயே கிழவனானவன். ஒரே மலையில எடுத்த கொழுந்து, ஒண்ணா வாடப் போட்டது, ஒரே ரோலர்ல அரைச்சது. சல்லடையில ஏறுனதும் பி.ஓ.பி. ஒரு பக்கம், பி.ஓ.பி.எப். ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போயிரும். எல்லா மூட்டையிலயும் தோட்டத்துப் பேர் ஒண்ணுதான். கிரேடுதான் வேற, விலையும் வேற. கொழும்புல 1883-ல இருந்து தேயிலை ஏலம் நடக்குது. பேர் பெத்த தோட்டம்னு சொல்லி எந்த வியாபாரியும் கண்ணை மூடிக்கிட்டு விலை கேக்குறதில்ல. ஒவ்வொரு லாட்டுக்கும் தேத்தண்ணி ஊத்தி, சர்ருன்னு உறிஞ்சி, துப்பிப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பான். 2020-ல ஏலமே கம்ப்யூட்டருக்குள்ள போயிருச்சு. துப்புறது மட்டும் இன்னும் வெளியிலதான்.

உன் கம்பெனியும் அப்படித்தான். ஒரே பேர்ல 4 ஜிபி மெமரியும் செலரான் ப்ராசசரும் போட்டதையும் விப்பான், 16 ஜிபியும் ஐ7-ம் போட்டதையும் விப்பான். மூடியில ரெண்டுக்கும் ஒரே முத்திரை. அந்த மூடியையும் அவனே செஞ்சான்னு நினைச்சுக்காதே. தைவான்ல குவான்டா, கொம்பால்னு பெரிய கம்பெனிங்க இருக்கு. கடையில நீ பார்க்கிற பல பெரிய பேருக்கும் மெஷினைப் பூட்டிக் குடுக்கிறது அந்த மாதிரி ஆளுங்கதான். மெமரி சிப் பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன்கிற மூணு இடத்துல இருந்து வருது.

பேரும் ஒரு வீட்டுல நிலைச்சு இருக்குறதில்லடா. ஐ.பி.எம்.காரன் திங்க்பேடுங்கிற லேப்டாப் பேரை 2005-ல லெனோவோகிட்ட குடுத்துட்டான். நம்ம பக்கம் மட்டும் என்னவாம்? 1867-ல லூல்கந்துரவுல தேயிலைத் தோட்டம் போட்டது ஜேம்ஸ் டெய்லர். 1890-ல வந்து தோட்டம் வாங்குன லிப்டன் பேருதான் உலகமெல்லாம் போச்சு. 2022-ல அந்தப் பேரையே ஒரு முதலீட்டுக் கம்பெனி வாங்கிருச்சு. கொழுந்து எடுத்த நம்ம பாட்டிமார் பேரை மட்டும் இன்னும் யாரும் விலைக்குக் கேக்கல.

சரி, எதைப் பார்க்கணும்னு கேளு. இன்டெல் ஐ7-னு ஸ்டிக்கரைப் பார்த்ததும் வாயைப் பொளக்காதே. அதுக்குப் பின்னால வர்ற நம்பரைப் படி. ஐ7-4500யூ 2013-ல வந்த சாமான், நாலாம் தலைமுறை, ரெண்டே கோர். ஐ3-1215யூ 2022-ல வந்தது, பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். நீ ஏழு பெருசுன்னு எடுத்துக்கிட்டு வருவ, பக்கத்து லயத்துப் பையன் மூணை வச்சுக்கிட்டு உன்னை முந்திருவான். ஏ.எம்.டி.காரன் இதுல இன்னும் கில்லாடி. ரைசன் 5 7520யூ-ங்கிற பேர் 2022-ல வந்தது, உள்ள ஓடுற சென் 2 வடிவமைப்பு 2019-ல வந்தது. விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஓட கை கழுவிருச்சு. விண்டோஸ் 11-ன்னா இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறைக்குக் கீழ முறைப்படி ஏறாது. பழசை மலிவா தர்றேன்னு எவனாவது சிரிச்சுக்கிட்டு வந்தா இதை ஞாபகம் வச்சுக்க.

மெமரி 8 ஜிபிக்குக் குறைய வேணாம். பிறகு கூட்ட முடியுமா, இல்ல போர்டோட பத்தவச்சதான்னு கேளு. எஸ்.எஸ்.டி. இருக்கணும். 64 ஜிபி ஈ.எம்.எம்.சி.ன்னு சொன்னா, விண்டோஸ் படுத்ததும் உனக்குக் காலை நீட்ட இடமிருக்காது. திரை ஐ.பி.எஸ்.தானான்னு பாரு. டி.என். திரையை நேரா உக்கார்ந்தவன்தான் ஒழுங்காப் பார்க்கலாம். படிக்கத்தான் வாங்குறேன்னு நீ சொல்லுவ, ராத்திரி காம்பராவுல படம் போடும்போது சுவரோரம் உக்கார்ற எனக்கு ரஜினி கறுப்பா வெளுப்பான்னே தெரியாமப் போயிரும்.

பேர் ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு நான் சொல்லல. கீல் உடையாம இருக்கிறது, கீபோர்ட் தேயாம இருக்கிறது எல்லாம் செய்யிறவன் கையில இருக்கு. ஆனா அதே கம்பெனி ஆபீசுக்குன்னு செய்யிறது ஒரு மாதிரி, மலிவுக்குன்னு செய்யிறது வேற மாதிரி. வாரண்டி அட்டையில உள்ளூர் ஏஜெண்டு யாருன்னு பாரு. பழுதானா அட்டன்லயே குடுக்கலாமா, கொழும்புக்கு ரயிலேத்தணுமான்னும் விசாரி.

கொழும்புல பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனா, கடைக்காரன் தேத்தண்ணி குடுத்தாக் குடி, தப்பில்ல. மெஷினை ஆன் பண்ணச் சொல்லி கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ்ங்கிற இடத்துல ப்ராசசர் நம்பர், மெமரி அளவு, எஸ்.எஸ்.டி.யா இல்லியான்னு எல்லாம் கிடக்கும். துண்டுக் காகிதத்துல எழுதிக்க. அதே நம்பரை அடுத்த கடையிலயும், அதுக்கடுத்த கடையிலயும் சொல்லி விலை கேளு. பேருக்காக மட்டும் எவனாவது இருபதாயிரம் கூடக் கேட்டா, பேரை அவனையே வச்சுக்கச் சொல்லிட்டு மெஷினை மட்டும் வேற கடையில வாங்கிக்கிட்டு வா.