ஒரே ஒரு டிக்கெட்

கேள்வி: தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறேன் என்றால், 'கூட யாரு வர்றா?' என்று வீடு, தெரு, டீக்கடை எல்லாம் கேட்கிறது. என்ன சொல்வது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நிற்கிறதா? 'ரயில் ஏறினால்தான் தெரியும்' என்று சொல்லிவிடுங்கள். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் பாதி உங்களுக்கு, மீதி முன்பின் தெரியாத ஒருவருக்கு. விடிய விடிய முழங்காலும் முழங்காலும் இடித்துக்கொண்டு போன பிறகு, தனியாகப் போனேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

கேள்வி: முதல் தனிப் பயணமே ஐரோப்பாவாக இருக்கட்டும் என்று பணம் சேர்க்கிறேன். சரிதானே?
– ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: சேருங்கள். சேர்வதற்குள் ஒரு ஞாயிறு பழவேற்காட்டுக்குப் போய் வாருங்கள். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர்தான். அங்கே டச்சுக்காரர்களைப் பார்க்க விசா வேண்டாம். 17-ம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் அங்கேயே படுத்திருக்கிறார்கள். 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை புதர் மண்டிப்போயிற்று. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் கையில் இருப்பதால் தப்பித்தது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்கும். பயப்பட வேண்டாம், கைடு கட்டணம் கேட்காது.

உங்களை அங்கே அனுப்புவது கல்லறைக்காக மட்டுமல்ல. மத்தியானம் 3 மணிக்கு என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத்தான். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, சாப்பிட்டாயிற்று, போனில் சார்ஜ் இறங்குகிறது, பஸ் வர நேரமிருக்கிறது, பேச ஆளில்லை. தனிப் பயணத்தின் நுழைவுத் தேர்வு அந்த ஒரு மணி நேரம்தான். கரையில் வலையைச் சீர்செய்கிறவரிடம் போய் இந்த வருஷம் இறால் எப்படி என்று கேட்கத் தோன்றினால் ஆம்ஸ்டர்டாமுக்குத் தயாராகிவிட்டீர்கள். எரிச்சல்தான் வந்தது என்றால், அடுத்த லீவுக்குத் தரங்கம்பாடி. அங்கே 1620-லேயே கோட்டை கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள். ஐரோப்பாவைத் தவணை முறையிலும் பார்க்கலாம்.

கேள்வி: கோயில் ஊர் ஒன்றில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினேன். 'சிங்கிளுக்கு ரூம் இல்லை' என்கிறார்கள். காசு இருக்கிறது, ஆதார் இருக்கிறது. இது என்ன நியாயம்?
– விற்பனைப் பிரதிநிதி, ஈரோடு

பதில்: நியாயமில்லை, பயம். தனியாக வந்து ரூம் எடுத்தவர் எப்போதோ ஒருவர் விபரீதமாக ஏதாவது செய்துகொண்டிருப்பார். மேனேஜர் போலீஸ் ஸ்டேஷன் படியேறி ஓய்ந்திருப்பார். அன்றிலிருந்து ஒற்றை ஆள் என்றாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். முகம் வாட்டமாக இருந்தால் ரூம் இல்லை. சிரித்த முகமாக இருந்தால், இவர் ஏன் தனியாக வந்து சிரிக்கிறார் என்று சந்தேகம். பெண் என்றால் கூடுதலாக நாலு கேள்வி, அதில் மூன்று அவருக்குத் தேவையில்லாதவை. பன்னிரண்டு பேராக வந்து ராத்திரி ஒரு மணிக்கு வராண்டாவில் சீட்டாடுகிறவர்களிடம் ஒரு கேள்வியும் கிடையாது.

நிஜமாகவே மனமுடைந்து வந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். அவரை ராத்திரியில் தெருவுக்கு அனுப்புவதா உதவி? உட்காரவைத்து ஒரு வாய் காபி கொடுத்து, வீட்டு நம்பர் கேட்டால் லாட்ஜுக்கு என்ன குறைந்துவிடும்?

சரி, உங்களுக்கு வழி. கிளம்பும் முன்பே போன் போட்டு 'ஒரு ஆள்தான், ரூம் உண்டா?' என்று உடைத்துக் கேட்டுவிடுங்கள். ரயிலில் போகிறீர்கள் என்றால் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறையோ டார்மிட்டரி படுக்கையோ ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். கம்ப்யூட்டர் முகம் பார்க்காது. ஹாஸ்டல் இருக்கும் ஊரென்றால் இன்னும் நல்லது; அங்கே விற்பதே ஒற்றைக் கட்டில்தான். அதன் கதை தெரியுமா? 1909-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போய், புயல் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழித்தார். யூத் ஹாஸ்டல் என்ற யோசனை அங்கே பிறந்தது. நம் லாட்ஜ் முதலாளிகளும் ஒரு தடவை மழையில் நனைந்தால் தேவலை.

கேள்வி: தனியாகப் போகும் பெண் எவ்வளவு லக்கேஜ் எடுத்துப் போகலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: நியூயார்க் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1889-ல் கிளம்பி 72 நாளில் உலகத்தைச் சுற்றிவந்தபோது கையில் ஒரே ஒரு சிறிய பை. பெண்ணை அனுப்பினால் துணைக்கு ஆள் வேண்டும், பெட்டி பெட்டியாய்ச் சாமான் வரும் என்று அலுவலகத்தில் சொன்னவர்களுக்கு அந்தப் பைதான் பதில். ஆனாலும் அதற்குள் ஒரு கோல்டு கிரீம் ஜாடியைத் திணித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் இடத்தை அடைக்கிறது என்று வழியெல்லாம் புலம்பினார். சிங்கப்பூரில் ஒரு குரங்கும் வாங்கினார். அது பைக்கு வெளியே வந்தது. ஆக, ஒரு பை போதும். கிரீமைச் சின்ன டியூபில் எடுங்கள். குரங்கு உங்கள் இஷ்டம்.

கேள்வி: ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டில் எப்படி?
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

பதில்: நம் ஊர் மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட நீங்கள் நினைத்தாலும் விடமாட்டார்கள், எதிர் நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்து சாம்பார் வாளியைத் தேடுவார். ஜப்பான் உங்களுக்குச் சொர்க்கம்: ஒற்றை ஆள் உட்கார இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த ராமென் கடைகளே உண்டு. தென் கொரியாவில் மட்டும் கவனம். மேஜையிலேயே இறைச்சி வாட்டும் கடைகள் பலவற்றில் குறைந்தது 2 பேர் அளவுதான் தருவார்கள். ஒன்று, துணை தேடுங்கள். இல்லை, பசியோடு போங்கள்.

கேள்வி: பாஷை பிரச்னை இல்லாத வெளிநாடு ஏதாவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பரமக்குடி

பதில்: பக்கத்திலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் கப்பல் விட்டார்கள். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவதுண்டு, தேதியை விசாரித்துக்கொண்டு பெட்டியைக் கட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் நாலு நாள் சைக்கிளில் சுற்றிவிட்டு, கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயிலில் ஏறுங்கள். எல்லோரும் எல்ல பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்துக்காகக் காமிராவைத் தூக்குவார்கள். நான் சொல்வது அதற்கடுத்த தெமோதரை. அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அந்த ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழையும்.

அதைவிட முக்கியம், ஹட்டனில் இறங்குங்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், தோட்டத்தில் தமிழ். 19-ம் நூற்றாண்டில் நம் மாவட்டங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். சுதந்திரம் வந்த கையோடு, 1948-ன் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர்களாக்கப்பட்டார்கள். நீங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வந்த நாட்டில், அங்கேயே பிறந்தவர்களுக்கு அது பல ஆண்டுகள் எட்டாமலிருந்தது. டீயைக் குடித்துவிட்டு 'ஆஹா' மட்டும் சொல்லித் திரும்பாதீர்கள். ஆசிரியர் அல்லவா, கேளுங்கள்.

கேள்வி: அம்மாவின் நிம்மதிக்காக லைவ் லொகேஷன் போட்டுவிடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போடலாம். பஞ்சர் கடையில் அரை மணி நேரம் நின்றால் 'ஏன் நகரவே இல்லை?' என்று போன் வரும், தயாராக இருங்கள். அதோடு, புது ஊருக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். பணத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். இந்த இரண்டும் சாட்டிலைட் இல்லாமலே வேலை செய்யும்.

கேள்வி: நேபாளத்தில் தன்னந்தனியாக மலையேற ஆசை.
– மாரத்தான் ஓட்டக்காரர், கோவை

பதில்: வெளிநாட்டவர் கைடு இல்லாமல் மலையேறக் கூடாது என்று 2023-ல் விதி கொண்டுவந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடித் தேடிச் சலித்த நாடு, கோபித்துக்கொள்ளாதீர்கள். காத்மாண்டுவில் இறங்கியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். இந்தியாவைவிட அவர்கள் அவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள்.

கேள்வி: தனியாகச் சுற்றி என்ன சாதிக்க முடியும்?
– 'வேலையைப் பார்' வாசகர், சேலம்

பதில்: 1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் ஒரு தமிழ் இளைஞர். அன்று காந்தி பிறந்தநாள். அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன என்று தோன்றுகிறது. பிறகு காந்தி இருக்கும் படச்சுருள்களைத் தேடி ஒரு லட்சம் மைல் அலைந்து 1940-ல் அந்த ஆவணப்படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஏ.கே. செட்டியார். கப்பலில் கூட நாலு நண்பர்கள் இருந்திருந்தால் சீட்டுக்கட்டு பிரிந்திருக்கும். ஆனால் எல்லோருக்கும் இப்படி எதுவும் தோன்றும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். பாதிப் பேருக்கு நன்றாகத் தூக்கம் வரும். அதுவும் லாபம்தானே?

கேள்வி: கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து என் மனைவி தனியாகக் காசி போகிறேன் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுங்கள். பிளாட்பாரம் டிக்கெட் போதும், 2 மணி நேரம் செல்லும்.