பணம் போடாமல் பங்கு வாங்கலாமா?

கேள்வி: பங்குச் சந்தையில் இறங்க ஆசை, பணம் போய்விடுமோ என்று பயம். கைக்காசு போடாமல் பழகிப் பார்க்க வழி உண்டா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: உண்டு. லஸ் முனையில் ஒரு நோட்டு வாங்குங்கள், முதலீடு அவ்வளவுதான். கையில் ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டு டிவிஎஸ் மோட்டார், அப்போலோ, சுந்தரம் ஃபைனான்ஸ் என்று நமக்குத் தெரிந்த சென்னை நிறுவனங்களின் பங்குகளை அன்றைய விலையில் வாங்கியதாக நோட்டில் எழுதித் தொடங்கலாம். வாங்கிய விலைக்குப் பக்கத்தில், ஏன் வாங்கினீர்கள் என்று இரண்டு வரி கட்டாயம் எழுதுங்கள். தி.நகரில் பட்டுப்புடவைக்கு ஏழு கடை ஏறி இறங்குகிறோம். பங்குக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் போதுமா? பரிவர்த்தனை வரி 0.1 சதவீதத்தை வாங்கும்போதும் விற்கும்போதும் கழித்துவிடுங்கள். காரணம் எழுதாமல் கிடைத்த லாபம் லாபமே அல்ல, அடித்துவிடுங்கள்.

நிஜ விலையை வைத்துப் பரிசுப் போட்டி நடத்தும் செயலிகள் வேண்டாம். 2024 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்தது. அங்கே ஏமாந்தால் செபியின் குறைதீர்ப்பு வசதி கிடைக்காது. நோட்டில் ஜெயித்த சூட்டில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கமும் தாவாதீர்கள்: 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்கிறது செபி ஆய்வு.

விலை சரியும்போது வரும் வயிற்றுக் கலக்கத்தை மட்டும் நோட்டு சொல்லித் தராது. அதற்கு, ஆறு மாதம் கழித்து, நிஃப்டி குறியீட்டு ஃபண்டில் மாதம் 500 ரூபாய் போட்டுப் பாருங்கள்.