சுருண்டால் சிறப்பு

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் மருந்தடிப்பார்கள். ஐவிக் கொடியில் இலை சுருண்டால் பெயர் வைப்பார்கள். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் மரம், மதில், இடிந்த கோட்டை என்று பேதம் பாராமல் ஏறும் இந்தக் கொடியின் தாவரப்பெயர் ஹெடெரா ஹீலிக்ஸ். அதன் இலை மூன்று அல்லது ஐந்து மடல்களோடு தட்டையாக, அடக்க ஒடுக்கமாக இருக்கும். எப்போதாவது ஒரு கிளைக்கு மட்டும் புத்தி பிசகி, விளிம்பு நெளிந்த இலைகளை விடும். அதை வெட்டி வேர் பிடிக்கவைத்தால் புது ரகம் தயார். விதை போட்டால் அந்த நெளிவு வரும் என்று நம்ப முடியாது.

அமெரிக்காவில் 1973-இல் ஐவிக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. பியரோ என்பவர் வகுத்து, அது பின்பற்றும் வகைப்பாட்டில் சுருள் இலைக்காரர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. 'பார்ஸ்லி கிரெஸ்டட்' இலையின் ஓரம் முழுக்கக் கொசுவம் வைத்ததுபோல் சுருங்கியிருக்கும். 'ஐவலேஸ்' கரும்பச்சை, பளபளப்பு, விளிம்பு விறைப்பாக மேலே மடிந்து நிற்கும், கஞ்சி போட்டு இஸ்திரி போட மறந்த சட்டைக் காலர் மாதிரி.

தொட்டியில் வளர்ப்பது எளிது, வளர்ப்பவர் சும்மா இருக்கத் தெரிந்தவராக இருந்தால். நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் கூடாது. ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்ளும், சென்னைக் கோடை ஒத்துக்கொள்ளாது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். அடியில் துளை கட்டாயம். தண்ணீர் தேங்கி வேர் அழுகினால் இலை பழுப்பாகும். அதைப் பார்த்துச் செடி தாகத்தில் வாடுகிறதென்று இன்னொரு குவளை ஊற்றுவார்கள். மறுநாள் இன்னும் பழுப்பு, இன்னும் ஒரு குவளை. இந்த உபசாரம் தொட்டி காலியாகும்வரை தொடரும்.

அடுத்த எதிரி சிலந்திப்பேன். சூடான, வறண்ட அறைக் காற்று அதற்குக் கொண்டாட்டம். தட்டை இலையில் சீக்கிரம் கண்ணில் படும். சுருள் இலையிலோ ஒவ்வொரு மடிப்பும் அதற்கு ஒரு வாடகை வீடு. செடி நோயில் சுருண்டிருக்கிறதா, அழகுக்குச் சுருண்டிருக்கிறதா என்று தெரியாமல் உரிமையாளர் வந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார். இலையின் அடிப்பக்கம் நனையும்படி அவ்வப்போது குழாயடியில் கழுவுவதே நல்ல வைத்தியம்.

தோட்டத்து மண்ணில் ஐவி முதலாண்டு தூங்கும், இரண்டாமாண்டு தவழும், மூன்றாமாண்டு பாயும் என்பது மேல்நாட்டுத் தோட்டக்காரர்களின் பேச்சு. சுருள் ரகங்களில் பலவற்றின் பாய்ச்சல் கொஞ்சம் நிதானம்தான். ஆனாலும் இந்த இனத்தின் பாய்ச்சலைக் கண்டு மிரண்டே அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2010-இல் ஐவி விற்பனைக்குத் தடை போட்டது. புல்லுருவிபோல் இது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தண்டிலிருந்து வரும் சிறு வேர்கள் பிடிமானத்துக்கு மட்டுமே. அந்தப் பிடிமானம் எப்படிப்பட்டது என்பது, சுவரிலிருந்து கொடியைப் பிய்க்கும் நாளில் கூடவே வரும் சுண்ணாம்பைப் பார்த்தால் புரியும். நறுக்கும்போது கையுறை நல்லது. சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும்.

சுருள் ரகம் சில சமயம் பழைய புத்திக்குத் திரும்பி, தட்டை இலைக் கிளை ஒன்றை நீட்டும். அதைத் தோன்றிய இடத்திலேயே நறுக்க வேண்டும். விட்டால் வேகமாக வளர்ந்து சுருளை அமுக்கிவிடும். உயர ஏறி வெயில் கண்ட கொடிக்கு வேறொரு மாற்றம்: முதிர்ந்த கிளைகளின் இலையில் மடல்கள் மறையும், அந்தக் கிளைகள் ஏறுவதை நிறுத்தி, இலையுதிர்காலத்தில் பூத்துத் தேனீக்களை அழைக்கும். அந்தக் கிளையை வெட்டி நட்டால் கொடி வராது, புதர்தான் வரும். நர்சரிக்காரர்கள் அதற்கும் 'மர ஐவி' என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.